அழைத்தால் வீட்டுக்கே வருகிறார்கள்

நியூ ஜெர்சியில் 21 வயதுக்குட்பட்ட பிள்ளை சாக வேண்டும் என்று பேசினாலோ எழுதினாலோ, பெற்றோர் 1-877-652-7624 என்ற எண்ணை அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். தேவை என்றால் ஒரு மணி நேரத்துக்குள் பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கே வருவார். வருமானம், காப்பீடு எதுவும் தடையில்லை. பிள்ளை ஏற்கெனவே எதையாவது விழுங்கியிருந்தாலோ, காயப்படுத்திக்கொண்டிருந்தாலோ, கையில் ஆயுதம் இருந்தாலோ இந்த எண் வேண்டாம், உடனே 911. அமெரிக்காவின் எந்த மாநிலத்தில் இருந்தாலும் 988. தமிழ்நாட்டில் இருந்தால் 14416 அல்லது 104, உயிருக்கு ஆபத்து என்றால் 108.

இதை முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன். இந்த நிலையில் தேடிப் படிக்க வருகிறவருக்கு என் கதையைக் கேட்க நேரம் இருக்காது. நேரம் இருப்பவர்களுக்காக மற்றதைச் சொல்கிறேன்.

எங்கள் மகளுக்கு அப்போது 15 வயது, பத்தாம் வகுப்பு. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எழுதியதைப் படித்துப் பார்த்துச் சில பகுதிகளை அடித்துவிட்டாள். என்ன செய்ய நினைத்திருந்தாள் என்பதும் அதோடு போயிற்று. அது யாருக்கும் தேவையில்லை. இதேபோல் தவிக்கும் இன்னொரு பிள்ளையின் கண்ணில் படவும் கூடாது.

எங்களுக்கு விஷயம் தெரிந்தது அவளுடைய தோழி வழியாக. யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் மகள் சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பிய செய்தியை அந்தப் பெண் தன் தாயிடம் காட்டிவிட்டாள். அந்த அம்மா வேலை நாள் ஒன்றின் மாலையில் என்னை அழைத்து, "நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், ஒன்று படித்துக் காட்ட வேண்டும்" என்றார். தோழியின் சத்தியத்தை மீறிய அந்தச் சிறு பெண்ணுக்கு என் குடும்பம் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறது.

மாடிக்குப் போனேன். அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தரையில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன்: "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா கண்ணு?" சுவரைப் பார்த்தபடியே "ம்" என்றாள். "எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா?" அதற்கும் "ம்."

இப்படிக் கேட்பதற்கு நம்மில் பலர் அஞ்சுகிறோம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். அது தவறான பயம் என்று ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. "தப்பான எண்ணம் ஏதாவது வருகிறதா?" என்று சுற்றி வளைத்தால் பிள்ளையும் சுற்றி வளைத்தே பதில் சொல்லும். சாவு என்ற சொல்லைப் பெற்றவள் வாயால் கேட்ட பிறகுதான், பின்னாளில் அவளே சொன்னாள், "இதைப் பற்றி இவர்களிடம் பேசலாம் போலிருக்கிறது" என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

அடுத்து வாயில் வரும் சொற்களில் கவனம் வேண்டும். "எங்களைப் பற்றி நினைத்துப் பார்த்தாயா", "உனக்கு என்ன குறை வைத்தோம்" என்பவை தொண்டை வரை வந்து நிற்கும். அவை எல்லாம் நம் வலி. அந்த நேரத்தில் அதைச் சுமக்கும் தெம்பு அந்தப் பிள்ளைக்கு இல்லை. நான் சொன்னது இவ்வளவுதான்: "சொன்னாயே, அதுவே நல்லது. இன்று இரவு உன்னைத் தனியாக விடமாட்டேன்."

கணவர் கீழே இருந்து 988ஐ அழைத்தார். முன்பு பத்து இலக்கங்களாக இருந்த தேசியத் தற்கொலைத் தடுப்பு எண், 2022 ஜூலை 16 முதல் மூன்றே இலக்கமாகியிருக்கிறது. எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் மாநிலத்தில் குழந்தைகளுக்கென்றே வீட்டுக்கு வரும் குழு இருக்கிறது" என்று மேலே நான் கொடுத்த எண்ணைச் சொன்னார். நியூ ஜெர்சியின் குழந்தைகள், குடும்பங்கள் துறை நடத்தும் ஏற்பாடு அது. மாநிலத்தின் சார்பில் அழைப்புகளை எடுப்பது பெர்ஃபார்ம்கேர் என்ற நிறுவனம். அங்கிருந்து உங்கள் மாவட்டத்தின் நடமாடும் உதவிக் குழுவுக்கு இணைப்பார்கள்.

இங்கேதான் எங்கள் வீட்டில் ஒரு நிறுத்தம் வந்தது. பல தமிழ்க் குடும்பங்களில் இதே இடத்தில்தான் நிற்கும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

கணவர் கையில் எண்ணைக் குறித்த துண்டுச் சீட்டு. "நாளைக் காலையில் குழந்தை மருத்துவரிடம் போய்விடலாமே" என்றார். அவருடைய பயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் அதிகாரம் படைத்த பிரிவும் அதே துறையின் கீழ்தான் வருகிறது; நாமே கூப்பிட்டு மாட்டிக்கொள்வதா? விசா என்ன ஆகும்? கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோமே? பள்ளிப் பதிவில் ஏறி, கல்லூரிக்குப் போகும்போது பாதிக்குமா? பக்கத்து வீட்டில் தமிழர்கள். வாசலில் வண்டி வந்து நின்றால் என்ன நினைப்பார்கள்?

வாக்குவாதத்தை முடித்து வைத்தவர் என் மாமியார். கும்பகோணத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். மாடியிலிருந்து நான் இறங்கி வந்த முகத்தைப் பார்த்தே அவருக்குப் பாதி புரிந்திருந்தது. "அந்தக் காலத்தில் நடு இரவில் வண்டி கட்டிக்கொண்டு போய் மருத்துவச்சியை அழைத்து வருவார்கள். வீடு எப்படிக் கிடக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்று யாராவது யோசித்தார்களா? வருகிறேன் என்கிறவர்களைக் கூப்பிடு" என்றார். கணவர் கூப்பிட்டார்.

அந்தப் பயங்களுக்கு எங்களுக்குக் கிடைத்த விடைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடியேற்ற நிலை பற்றி யாரும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. வந்தவர் போலீஸ் இல்லை, சீருடை இல்லை, வண்டியில் எந்த எழுத்தும் இல்லை. நியூ ஜெர்சியில் குழந்தை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகிக்கும் எவரும் அதைத் தெரிவித்தாக வேண்டும் என்பது சட்டம். ஆசிரியருக்கும் அண்டை வீட்டாருக்கும் உள்ள அதே கடமைதான் இவர்களுக்கும். பிள்ளைக்கு உதவி தேடிப் பெற்றோர் அழைப்பதைக் குற்றமாகப் பார்ப்பதில்லை என்பதை அவர்களே முதலில் தெளிவுபடுத்தினார்கள். எங்கள் அனுமதியில்லாமல் பள்ளியிடம் எதையும் சொல்லவில்லை.

தொலைபேசியில் கேட்ட கேள்விகளை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது உதவும், பதற்றத்தில் பிறந்த தேதியே மறந்துபோகும். பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது, பக்கத்தில் யார், எதையாவது உட்கொண்டதா, காயம் உண்டா, எப்படி என்று திட்டம் வைத்திருக்கிறதா, அதற்கானது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா, என்ன மருந்துகள் சாப்பிடுகிறது, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, வேறு குழந்தைகள் உண்டா, பெற்றோர் சம்மதிக்கிறீர்களா. பிள்ளைக்கு 18 வயது ஆகாவிட்டால் பெற்றவர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். 'நெருக்கடி' என்பதை முடிவு செய்வது குடும்பம்தான். அதை யாரும் அளந்து பார்த்து, "இது போதாது" என்று திருப்பி அனுப்புவதில்லை. உடனே வர வேண்டாம், நாளை வாருங்கள் என்று கேட்கவும் முடியும். நாங்கள் உடனே என்றோம்.

ஒருவர் பேசும்போது இன்னொருவர் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும். ஒற்றைப் பெற்றோராக இருந்தால் பிள்ளை கண்ணில் படும் இடத்தில் இருந்தபடியே பேசுங்கள்.

வருகிறார்கள் என்பதை அவளிடம் முன்னதாகவே சொன்னோம். கோபம் வந்தது. "என்னை எங்காவது அடைத்து வைக்கப் போகிறார்களா?" என்று கத்தினாள். "பேசத்தான் வருகிறார்கள். உனக்குப் பிடிக்காவிட்டால் பேசாமல் இரு. ஆனால் வருவார்கள்" என்றேன். யாரோ தெரிந்தவர் எதேச்சையாக வந்ததுபோல் நாடகம் ஆடியிருந்தால் அந்த இரவே அவள் எங்கள் மேல் வைத்திருந்த மிச்ச நம்பிக்கையும் போயிருக்கும்.

காத்திருந்த நேரத்தில் கணவர் வீட்டைத் துழாவினார். இந்த நாட்டில் காய்ச்சல் மாத்திரையைக்கூட நூற்றுக்கணக்கில் அடைத்த புட்டியாக வாங்கி வைக்கும் பழக்கம் நமக்கும் வந்துவிட்டது. மாமியாரின் சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, ஊரிலிருந்து ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கொண்டுவந்தவை, குளியலறை அலமாரியில் காலாவதியானவை, கராஜில் தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து என்று எல்லாம் ஒரு பெட்டிக்குள் போய்ப் பூட்டுப் போடப்பட்டது. மறுநாள் எண் பூட்டு வைத்த மருந்துப் பெட்டி ஒன்று வாங்கினோம். மாமியாருக்கு அன்றன்றைய மாத்திரையை மட்டும் எடுத்துக் கொடுத்தோம். வேண்டாத மாத்திரைகளை மருந்துக் கடையில் இருக்கும் திரும்பப் பெறும் பெட்டியில் போட்டோம்.

வெறும் சடங்காக இதைச் செய்யாதீர்கள். சாகும் உந்துதல் அலையாக எழுந்து, உச்சத்துக்குப் போய், இறங்கும். அந்த உச்சம் பலருக்கும் குறுகிய நேரமே. அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருப்பதே பல பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது. இந்த வழி அடைபட்டால் வேறு வழி தேடுவார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலோர் அப்படித் தேடுவதில்லை. முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதும் இல்லை. நம் வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருக்கலாம். பிள்ளை இரவு தங்கப் போகும் தோழர்கள் வீட்டில் இருக்கலாம். அந்த வீட்டாரிடம் கேட்பதற்குக் கூசாதீர்கள். நாங்கள் கேட்டோம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

வந்தவர் இளம் பெண். வாசலில் எங்கள் செருப்புகளின் வரிசையைப் பார்த்ததும் தானாகவே காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு முதல் கேள்வியை மகளிடம்தான் கேட்டார்: "எங்கே உட்கார்ந்து பேசினால் உனக்கு வசதி?" அவள் மாடிப்படியைக் காட்டினாள். அவள் மேல்படியில், அவர் இரண்டு படி கீழே. அடுக்களையில் இருந்த எங்களுக்குக் குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. முதலில் ஒரே குரல். நெடுநேரம் கழித்து இரண்டு குரல்கள்.

பிறகு எங்களிடம் தனியாகப் பேசினார். தூக்கம், சாப்பாடு, நண்பர்கள், வீட்டுச் சண்டைகள், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்று கேட்டார். குடும்பத்தில் இருந்தது, ஊரில் ஒரு சித்தப்பாவின் மரணத்தை நாங்கள் 'விபத்து' என்றே சொல்லி வந்திருக்கிறோம். அதைச் சொன்னோம். சொல்ல வேண்டும். இது மருத்துவத் தகவல். குடும்ப மானம் இதில் வராது.

மாமியாரிடமும் பேச வேண்டும் என்றார். பிள்ளைகளையோ கணவரையோ மொழிபெயர்க்க விடவில்லை. தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். யாழ்ப்பாணத் தமிழில் ஒரு பெண் குரல் வந்தது. வந்ததிலிருந்து வீட்டாரைத் தவிர வேறு எவரிடமும் மனம்விட்டுப் பேசியிராத என் மாமியார் அந்தக் குரலிடம் கொட்டித் தீர்த்துவிட்டார். எங்களுக்குத் தெரியாத செய்தி ஒன்று அதில் இருந்தது: பேத்தி பல நாட்களாக விடியற்காலை மூன்று மணிக்கு இவர் அறைக்கு வந்து, ஒன்றும் பேசாமல் கால்மாட்டில் படுத்துக்கொள்கிறாள். பாட்டியைத் தேடி வருகிறாள் என்று நினைத்து அவர் போர்த்திவிட்டு விட்டிருக்கிறார். ஆங்கிலம் தெரியாத பெரியவர் வீட்டில் இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கட்டாயம் கேளுங்கள். பிள்ளையை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான்.

மகனுக்கு ஒன்பது வயது. தொலைக்காட்சி முன் உட்கார வைத்திருந்தோம். அந்தப் பெண் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அக்கா செத்துவிடுவாளா?" என்று அவன் கேட்டது எங்கள் காதில் விழுந்தது. "அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளத்தான் எல்லாரும் இருக்கிறோம். இதற்கு நீ காரணம் இல்லை. அவளைக் காவல் காப்பதும் உன் வேலை இல்லை" என்றார். தம்பி தங்கைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததைக் கேட்க ஆள் இல்லாமல் இருக்கிறார்கள்.

போவதற்கு முன் அவளும் அவரும் சேர்ந்து ஒரு தாளை நிரப்பினார்கள். பாதுகாப்புத் திட்டம் என்பார்கள். பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரௌன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வடிவமைத்த முறை இன்று பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. நிலைமை மோசமாகிறது என்பதற்கான அறிகுறிகள், தனியாகச் செய்யக்கூடியவை, மனதைத் திருப்ப யாரோடு எங்கே இருக்கலாம், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த மருத்துவரை எந்த எண்ணை அழைக்கலாம், வீட்டை எப்படிப் பாதுகாப்பாக வைப்பது என்று வரிசையாக எழுத வேண்டும். முக்கியமானது, எழுதுவது பிள்ளை. தனியாகச் செய்யக்கூடியது என்ற இடத்தில் என் மகள், "பாட்டி தலையில் எண்ணெய் வைப்பது" என்று எழுதியிருந்தாள். உதவி கேட்பது என்ற இடத்தில் என் பெயரை எழுதி, பக்கத்தில், "அழாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். கேள்வி வேண்டாம்" என்று சேர்த்திருந்தாள். அதன்படி நடப்பது எனக்கு எளிதாக இல்லை. அதன்படியே நடந்தேன்.

"இன்றிரவு உங்களால் இவளைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள முடியுமா?" என்று எங்களிடமும், "திட்டப்படி நடப்பாயா?" என்று அவளிடமும் கேட்டார். மூவரும் முடியும் என்றோம். முடியாது என்று யாராவது சொல்லியிருந்தால் மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்திருப்பார். அந்தக் கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். நல்ல பெற்றோர் என்று காட்டிக்கொள்ளும் இடம் அது இல்லை.

முதல் 72 மணி நேரம் இந்தக் குழு விடாமல் தொடர்பில் இருக்கும். மறுநாள் காலை அழைத்தார், நேரிலும் வந்தார். அதன் பிறகு எட்டு வாரம் வரை தொடரும் உதவி உண்டு. எங்கள் வீட்டுக்கு ஓர் ஆலோசகர் வந்துபோனார். அடுக்களை மேசையில் உட்கார்ந்து அவளோடும், சில நாள் எங்கள் எல்லாரோடும் பேசுவார். நோய்க்குப் பெயர் வைப்பதும் மருந்து எழுதுவதும் இவர்கள் வேலை இல்லை. நெருக்கடியைத் தணித்து, நிரந்தரச் சிகிச்சைக்குக் கொண்டு சேர்ப்பதே வேலை. 'குழு வந்துவிட்டது, சரியாகிவிடும்' என்று இருந்துவிடக் கூடாது. அந்த எட்டு வாரத்துக்குள் சிகிச்சையாளரைத் தேடிப் பிடித்தாக வேண்டும். பதின்வயதினருக்கான மனநல மருத்துவர்களுக்கு இங்கே நீண்ட காத்திருப்புப் பட்டியல். எங்கள் குழந்தை மருத்துவரே தொடக்கச் சிகிச்சையைத் தொடங்கினார். இம்மாநிலத்தில் குழந்தை மருத்துவர்கள் மனநல மருத்துவரிடம் தொலைபேசியில் ஆலோசனை பெற ஓர் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

மன அழுத்த மருந்து கொடுத்தபோது ஓர் எச்சரிக்கையையும் சொன்னார்கள். இளவயதினர் சிலருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004 முதல் இம்மருந்துகளின் விவரக் குறிப்பில் கறுப்புக் கட்டமிட்டு எச்சரிக்கிறது. அதைப் படித்துவிட்டு மருந்தையே கொடுக்காமல் விடுவதும், ஒரு வாரத்தில் தானாக நிறுத்துவதும் ஆபத்து. கொடுக்க வேண்டும், அந்த வாரங்களில் அருகில் இருந்து கவனிக்க வேண்டும், ஏதாவது மாறினால் அன்றே அழைக்க வேண்டும். மாத்திரையை நாங்களே கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்றோம்.

இரவுகள் கடினம். அவள் அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினோம். முதல் சில வாரம் யாராவது ஒருவர் அங்கேயே படுத்தோம். இருவரும் சேர்ந்து விழித்துக் கிடந்தால் இரண்டு நாளில் இருவரும் விழுந்துவிடுவோம் என்று அந்தப் பெண் முதல் நாளே சொன்னார், முறை வைத்துக்கொண்டோம். கணவர் அலுவலகத்தில், "குடும்பத்தில் மருத்துவ அவசரம்" என்று மட்டும் சொல்லி விடுப்பு எடுத்தார். அதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கட்டத்தில் வீட்டு உதவி போதாமல் போனது. இரண்டாம் மாதத்தில் ஓர் இரவு, "இன்று என்னால் திட்டப்படி நடக்க முடியாது" என்று அவளே வந்து சொன்னாள். அப்படி வந்து சொன்னதே அந்தத் தாளின் வெற்றி என்று இப்போதும் நினைக்கிறேன். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மனநல அவசரப் பரிசோதனைக்கென்று குறிப்பிட்ட மருத்துவமனை உண்டு; உங்களுடையது எது என்று அமைதியான நாளில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போன இடத்தில் உடையை மாற்றச் சொன்னார்கள், கைபேசியை வாங்கிவைத்தார்கள், நடைபாதைக் கட்டிலில் இரவு முழுவதும் காத்திருந்தோம். அவளிடம் ஒன்றும் விளக்காமல் வளையலைக் கழற்றினார்கள்; அது எங்களுக்குப் பொறுக்கவில்லை. 'என்ன செய்கிறீர்கள், எதற்காக' என்று அவளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்று கேட்டோம். பிறகு சொல்லித்தான் செய்தார்கள். போர்வை, மருந்துப் பட்டியல், பாதுகாப்புத் திட்டத்தின் நகல், சாப்பிட ஏதாவது, இவற்றோடு போங்கள். திரும்பி வந்ததும் வீட்டு ஆலோசகர் மறுநாளே வந்தார். அந்தத் தொடர்ச்சி இல்லாவிட்டால் மருத்துவமனை வாசலோடு பிள்ளை மறுபடி தனியாகியிருக்கும்.

பள்ளிக்குத் திரும்பும் முன் மருத்துவரின் கடிதம் கேட்டார்கள். பள்ளி ஆலோசகரிடம் பேசி, 504 திட்டம் எனப்படும் சலுகை ஏற்பாட்டை எழுத்தில் வாங்கினோம்: தேர்வுக்குக் கூடுதல் நேரம், மூச்சு முட்டினால் வகுப்பைவிட்டு எழுந்து போக அனுமதி, விடுபட்ட வீட்டுப்பாடத்தில் பாதி தள்ளுபடி. இரண்டு கடினப் பாடங்களை விட்டாள். மதிப்பெண் பற்றி அந்த ஆண்டு வீட்டில் பேச்சே இல்லை. "காரணம் என்ன?" என்று கேட்காத உறவினர் இல்லை. படிப்பா, காதலா, கைபேசியா என்று ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து அதைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒற்றைக் காரணம் அகப்படவில்லை. காரணம் தெரியாமலேயே உயிரைக் காப்பாற்ற முடியும்; எங்களுக்குப் புரிந்தது அதுதான்.

யாரிடம் சொல்வது? அவளைக் கேட்டு முடிவு செய்தோம். தோழியின் குடும்பம், என் தங்கை, கோவிலில் பழக்கமான ஒரு மாமி. அந்த மாமி கேள்வி கேட்காமல் தினமும் ரசம் சாதம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். மாமியார் திருநாகேஸ்வரத்துக்கு வேண்டிக்கொண்டார். அதையும் அவள் மறுக்கவில்லை. பிரார்த்தனையும் மாத்திரையும் ஒரே வீட்டில் இருக்கலாம். ஒன்றுக்காக மற்றதை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

திருச்சியில் இருக்கும் என் தங்கை, "எங்களுக்கு வீட்டுக்கு யார் வருவார்கள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நியூ ஜெர்சிபோல் ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கும் குழு எல்லா இடத்திலும் இல்லை. அமெரிக்காவிலேயே மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கனெக்டிகட்டில் 211, மாசசூசெட்ஸில் 833-773-2445. டொராண்டோவில் 211ஐ அழைத்தால் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குழு வரும்; கனடா முழுவதற்கும் 988. இங்கிலாந்தில் 111ஐ அழைத்து 2ஐ அழுத்த வேண்டும். இலங்கையில் 1926.

தமிழ்நாட்டில் 14416, 2022 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் தமிழில் இயங்குகிறது. 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் மாநில அரசு நடத்துகிறது. 104இலும் ஆலோசனை உண்டு. பிளஸ் டூ, நீட் முடிவுகள் வரும் நாட்களில் மாணவர்களுக்கென்றே பேசுகிறார்கள். குழந்தைகளுக்கு 1098. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. வழக்கு வரும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை.

குழு வராத ஊரில் அதன் வேலையில் பாதியை நாமே செய்யலாம் என்று தங்கையிடம் சொன்னேன். பதறாத ஒருவர், அத்தையோ சித்தியோ அண்ணனின் நண்பரோ, ஒரு வாரம் வீட்டில் வந்து தங்கட்டும். மருந்தும் பூச்சிமருந்தும் வீட்டைவிட்டு அவர் கையில் போகட்டும். பாதுகாப்புத் திட்டத்தை ஒரு தாளில் பிள்ளையே எழுதட்டும். 14416ஐ அழைத்துப் பிள்ளை பக்கத்தில் இருந்தபடி ஒலிபெருக்கியில் போடுங்கள். மீதிப் பாதிக்கு மருத்துவர் வேண்டும், மறுநாளே போங்கள்.

மகள் இதைப் படித்து முடித்ததும், பெற்றோருக்கு மட்டுமே எழுதியிருக்கிறேன் என்றாள். பிள்ளைகளுக்காக ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள்: 988க்குப் பேச வேண்டியதில்லை, குறுஞ்செய்தியே அனுப்பலாம். முழு வாக்கியம் கூட வேண்டாம். 'ஹாய்' என்று அனுப்பினால் போதும், அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வரும். தோழியைப் பற்றிய கவலை என்றாலும் அனுப்பலாம். தோழி சத்தியம் வாங்கியிருந்தால், அதை மீறி ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள், கோபப்பட்டாலும் பரவாயில்லை. அவளும் அந்தத் தோழியோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாள். இப்போது இருவரும் ஒரே வண்டியில் ஓட்டுநர் பயிற்சிக்குப் போய்வருகிறார்கள்.